பூடில் கலப்பு நாய்: சிக்கு எங்கே விழுகிறது, ஏன்?

பூடில் என்ற சுருள்முடி இனம் கலந்த நாய்க்கு முடி கொட்டாது என்று நம்பித்தான் பலரும் வாங்குகிறார்கள். பாதிதான் உண்மை. உதிரும் முடி தரையில் விழாமல் சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. சிக்கு விழுவதே அதனால்தான்.

மேலோட்டமாகச் சீவினால் வெளியே பஞ்சு மாதிரி இருக்கும், அடியில் தோலை ஒட்டிக் கம்பளியாக இறுகியிருக்கும். ஒரு கையால் முடியைத் தூக்கிப் பிடித்து, தோல் தெரிய வகிடெடுத்து, கீழிருந்து வரிசை வரிசையாக ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிய கம்பிமுனைகள் நெருக்கமாக உள்ள பிரஷ்) போடுங்கள். அழுத்தினால் கம்பிமுனை தோலைக் கீறும். பிறகு உலோகச் சீப்பு: வேர்வரை விட்டு இழுக்கையில் எங்கும் தடுக்காவிட்டால்தான் வேலை முடிந்தது. காதுக்குப் பின்புறம், அக்குள், கழுத்துப்பட்டை உரசும் இடம், தொடையிடுக்கு ஆகியவற்றில்தான் முதலில் சிக்கும். நீளமுடி என்றால் தினமும், 2 செ.மீ. அளவுக்கு வெட்டியிருந்தால் வாரம் 2, 3 முறை.

குளியல் சீவிய பிறகுதான். சிக்கோடு நனைத்தால் காயும்போது இன்னும் இறுகும். அந்தக் கட்டியைக் கத்தரிக்கோலால் வெட்டவே கூடாது; தோலும் சேர்ந்து இழுபட்டு நிற்கும், வெட்டுப்படும். கிளிப்பரில் (முடி மழிக்கும் மின்கருவி) 10ஆம் எண் பிளேடு போட்டு ஒட்ட எடுத்துவிடுங்கள். பார்க்கச் சகிக்காது, ஆனால் வளர்ந்துவிடும்.

ஒரு வயதை ஒட்டிக் குட்டிப்பருவ முடி மாறி, வளர்ந்த நாயின் முடி வரும். அந்த மாதங்களில் நேற்று சீவிய இடம் இன்று சிக்கியிருக்கும். பலர் சீவுவதைக் கைவிடுவதும் அப்போதுதான்.

தொங்கும் காதில் ஈரம் தங்கும். குளித்ததும் துடையுங்கள். வாடை, பழுப்பு அழுக்கு, ஓயாத தலையுதறல் என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டியதுதான்.