லிப்ட் வேண்டாம்

30 அக்டோபர் 2020
அப்பா முன்பு வேலை பார்த்த ராபின்சன்ஸ் கடையை மூடுகிறார்களாம். சிங்கப்பூரிலும், இங்கே கோலாலம்பூர் கார்டன்ஸ் மாலிலும். அப்பாவிடம் சொல்லவேண்டாம் என்று தம்பிக்கு எழுதுவதற்குள் அவரே வாட்சப்பில் பார்த்துவிட்டார். "1858-ல ஆரம்பிச்ச கடை" என்றார். அதோடு சரி.

1 நவம்பர்
அப்பா பசியாறவில்லை. அவருடைய டெஸ்ட் ரிசல்ட் புதன்கிழமை.

2 நவம்பர்
இன்று வாய் திறந்தார், நிறுத்தவே இல்லை. கடையை ஆரம்பித்த பிலிப் ராபின்சனோடு கூட்டுச் சேர்ந்த ஸ்பைசர் அதற்கு முன் சிங்கப்பூர் ஜெயிலை நிர்வகித்தவராம், ஒரே வருடத்தில் கூட்டிலிருந்து விலகிவிட்டாராம். முதலில் விற்றது சாப்பாட்டுச் சாமான். சயாம் ராஜா மோங்குட்கூட வாடிக்கையாளர். 1941-ல் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸ் கடைமேல் ஜப்பான்காரன் குண்டு போட்டான், அப்போதும் கடை படுக்கவில்லை. இதெல்லாம் கடையின் மூத்த கிராணிகள் சொல்லித் தெரிந்துகொண்டதாம். சொந்த வயிற்று வலி எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டால் மட்டும் ஞாபகம் வராது!

4 நவம்பர்
ரிசல்ட் வரவில்லை, அடுத்த வாரமாம். கிளினிக் நாலாவது மாடி. வழக்கம்போலப் படி. ஒவ்வொரு திருப்பத்திலும் கம்பியைப் பிடித்து நின்று, மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி ஏறுகிறார். பின்னால் வந்த பையன் "அங்கிள், லிப்ட் இருக்கு" என்றான். அப்பா திரும்பிப் பார்க்கவே இல்லை.

8 நவம்பர்
தம்பி வரமுடியாது. இங்கே வந்தால் தனிமைப்படுத்தல், திரும்பினால் அங்கேயும். அவன்மேல் கோபம், ஆனால் அவன் என்ன செய்வான்.

12 நவம்பர்
வந்துவிட்டது. இப்போது எழுத முடியவில்லை.

14 நவம்பர், தீபாவளி
யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்கு முறுக்கு கொடுக்க நான் பிளாஸ்டிக் டப்பா தேடிக்கொண்டிருந்தேன். அப்பா காக்கித் தாள் கேட்டார். மேசையில் விரித்து, ஓரத்தை நகத்தால் அழுத்தி மடித்து, சணலைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, முடிச்சில் என் விரலை வைக்கச் சொன்னார், பிறகு ஒரே சுண்டு, கத்தியில்லாமல் சணல் அறுந்தது. கை நடுங்கவில்லை. ராபின்சன்ஸ் பார்சல் பிரிவில் சேர்ந்த முதல் வாரம் கற்றுக்கொண்டதாம்.

21 நவம்பர்
1972-ல் இதே நாள், செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிவாக்கில் கடையில் தீ. அப்பா பார்சலோடு வெளியே போயிருந்தார், திரும்பி வந்தபோது ராஃபிள்ஸ் பிளேஸ் முழுக்கப் புகை. ஒன்பது பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள். கரண்ட் போய் நடுவில் நின்றுவிட்டது. கொஞ்ச நாளிலேயே ஆர்ச்சர்ட் ரோட்டில் கடையை மறுபடி திறந்தார்கள், அப்பாவும் வேலைக்குப் போனார். இதைச் சொல்லும்போது குரலில் பெருமை, அதுதான் எனக்குப் புரியவில்லை. பயமும் போகவில்லை, பெருமையும் போகவில்லை.

கீமோவைப் பற்றி அப்பா இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

24 நவம்பர்
திங்கள்கிழமை சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். வார்டு ஆறாவது மாடி. படியில் கூட்டிவரலாமா என்று கேட்டேன், தாதி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்பாவிடம் சொன்னால் வரமாட்டேன் என்பார், சொல்லாமல் லிப்ட் வாசலில் கொண்டுபோய் நிறுத்தவும் மனசு வரவில்லை.

25 நவம்பர்
கீழ்த்தளத்தில் படுக்கை கிடைக்குமா என்று போன் பண்ணினேன். யாரோ வேறு எண்ணுக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே எடுக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி