கத்துனா ஆச்சா அண்ணாச்சி?

நம்ம எம்.பி. மக்களவைல கத்துன ரீல்ஸத்தான் பாளையங்கோட்டை டீக்கடையெல்லாம் ஓட்டுதாவ. குரல் கணீர்னுதான் இருக்கு, பதிலைத்தான் காணோம். கேட்டது பூஜ்ய நேரத்துலல்லா, அதாவது கேள்வி நேரம் முடிஞ்சப்புறம் எம்.பி.மாரு அவசர விசயத்தக் கிளப்புற நேரத்துல! அமைச்சர் அங்கனயே பதில் சொல்லணும்னு கட்டாயம் கிடையாது.

நட்சத்திரக் கேள்வின்னா, அதாவது அமைச்சர் அவையிலயே வாயால பதில் சொல்ல வேண்டிய கேள்வின்னா, 15 முழு நாளுக்கு முன்னாடியே எழுதிக் கொடுக்கணும். ஒரு நாளைக்கு 20 கேள்விதான், அதுவும் குலுக்கல்ல. முறை வந்துட்டா அமைச்சர் எந்திரிச்சே ஆகணும், அந்தப் பதிலைத் தொட்டு துணைக்கேள்வியும் போடலாம். ஆனா கேக்குற விதம் இருக்குல்லா. "தாமிரபரணில சாக்கடை கலக்குறது தெரியுமா?"ன்னு கேட்டா, "அது மாநில அரசு பொறுப்பு"ன்னு ஒரே வரியில தட்டி விட்ருவாவ. "தேசிய நதிப் பாதுகாப்புத் திட்டத்துல இந்த ஆத்துக்கு எந்த வருசம் எவ்வளவு கொடுத்திய, எவ்வளவு செலவாச்சு?"ன்னு கேட்டா நழுவ முடியாது.

குலுக்கல்ல விழலையா, மக்களவை நடைமுறை விதிகள்ல 377வது விதி இருக்கு. பிரச்சினையை 250 வார்த்தைக்குள்ள எழுதிக் கொடுத்தா அமைச்சகம் பின்னால எழுத்துல பதில் அனுப்பும். என்ன, ரீல்ஸுக்கு ஆகாது.