தெலுக் இந்தான் தோட்டத்துக் கோயிலில் பால்குடம்: சனிக்கிழமை மாலையே போய்ச் சேருங்கள்

கோலாலம்பூரில் வேலை நிமித்தம் தங்கியிருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு வார இறுதிக் கோயில் என்றால் பத்துமலை, கோர்ட்டுமலைப் பிள்ளையார், பிரிக்பீல்ட்ஸ் கந்தசாமி கோயில் என்று நகரத்தோடு வட்டம் முடிந்துவிடுகிறது. வடக்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தள்ளிப் பேராக் மாநிலத்தில் தெலுக் இந்தான் இருக்கிறது. அந்த ஊரைச் சுற்றியுள்ள செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களுக்குள் நிற்கும் மாரியம்மன் கோயில்களில் ஒரு திருவிழாவுக்காவது பால்குடம் எடுத்துப் பாருங்கள். இந்த நாட்டுத் தமிழரின் பக்தி எந்த மண்ணில் வேர் பிடித்தது என்று அப்போதுதான் விளங்கும். ஆனால் ஞாயிறு பதினொரு மணிக்குக் காரில் போய் இறங்கி, ஒரு கும்பிடு, இலைச் சாப்பாடு, நாலு படம் என்று திரும்பினால் விழாவின் உயிரான பகுதி முழுவதும் தவறிப்போகும். அது சனிக்கிழமை மாலையே தொடங்கிவிடுகிறது.

ஊருக்குள் நகரத்தார் எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலில் சித்ரா பௌர்ணமி பெரிய விழா. அது நிலவைப் பார்த்து வருவது. வார நாளில் விழுந்தால் விடுப்பு எடுத்துத்தான் போக வேண்டும், தங்கும் அறையையும் வெகு முன்னதாகச் சொல்லி வைக்க வேண்டும். தோட்டத்துக் கோயில் கணக்கு வேறு. பால் மரம் எனும் ரப்பர் மரம் சீவியவர்களுக்கு ஓய்வு கிடைத்தது ஞாயிற்றுக்கிழமையில். அதனால் பெரும்பாலான தோட்டங்களில் காப்புக் கட்டு வார நாளில் நடந்தாலும், கரகமும் பால்குடமும் சனி, ஞாயிறுக்கே வந்து சேரும். அலுவலகம் போகிறவர்களுக்கு இதைவிட வசதியான விழா கிடையாது.

போகும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்தக் கோயில்களில் பல இன்று ஆளில்லாத இடத்தில் தனியாக நிற்கின்றன. கங்காணிகள் ஆள் கட்டிக் கூட்டி வந்த காலத்தில், லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு கல்லையும் சூலத்தையும் வைத்துத் தொடங்கியவை இவை. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, லயங்கள் இடிந்தன, சனங்கள் பட்டணத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிபோனார்கள். அம்மன் மட்டும் அங்கேயே இருக்கிறாள். திருவிழாவன்று கிள்ளானிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளை குட்டிகளோடு வந்து நிற்பவர்கள், அந்த லயத்தில் பிறந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். அதனால்தான் அங்கே உங்களை முதலில் கேட்கப்போவது, "நீங்க எந்தத் தோட்டம்?" என்பது. "தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கோம், கோலாலம்பூர்ல வேலை" என்று ஊர்ப் பெயரோடு சொல்லுங்கள். தாத்தாவின் ஊர் உங்கள் ஊருக்குப் பக்கத்திலா என்று கேட்டபடியே பந்தலுக்குள் அழைத்துப் போய்விடுவார்கள்.

விழா எப்போது என்பதைத் தமிழ் நாளிதழ் விளம்பரம், தெலுக் இந்தான் மளிகைக் கடைச் சுவரொட்டி, கோயிலின் முகநூல் பக்கம் ஆகியவற்றில் பார்க்கலாம். மூன்று வாரம் முன்பே கோயில் நிர்வாகத்துக்குப் பேசி, பால்குடத்துக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள். குடம் கோயிலே தருகிறதா, நாம் கொண்டுபோக வேண்டுமா, எத்தனை நாள் விரதம், ஊர்வலம் எங்கிருந்து புறப்படுகிறது, எவ்வளவு தூரம் என்ற ஐந்தையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கோயிலுக்கும் முறை மாறும். பத்துமலையில் செய்ததுதான் எங்கும் என்று நினைத்துக்கொண்டு போவதால்தான் கடைசி நேரத் தடுமாற்றம் வருகிறது. காணிக்கையோ உபயமோ தருவதாக இருந்தால் 21, 51, 101 வெள்ளி (ரிங்கிட்) என்று ஒன்றில் முடியும் தொகையாக உறையில் வையுங்கள், ரசீது போட்டுத் தருவார்கள்.

காரில் போகிறவர்கள் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பீடோரில் இறங்கி மேற்கே திரும்ப வேண்டும். சுங்கச் சாவடியில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். டச் அண்ட் கோ அட்டையில் போக வர இரண்டுக்கும் போதிய பணம் இருக்கட்டும். பேருந்தென்றால் கோலாலம்பூரின் தெற்கு ஒருங்கிணைந்த முனையத்தில் (டி.பி.எஸ்.) ஏறலாம். ரயிலை நம்ப வேண்டாம். தாப்பா ரோட்டிலிருந்து ஊருக்குள் போன கிளைப்பாதை 1989இலேயே மூடப்பட்டுவிட்டது. பேருந்தில் வந்தால் தோட்டத்துக்குள் போகவும் திரும்பவும் வண்டிக்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். செயலியில் அழைக்கும் கிராப் வாடகை வண்டி உள்ளே கொண்டுபோய் விட்டாலும், இரவில் திரும்பிவரக் கிடைக்காது.

தோட்டத்து மண் சாலைதான் பலருக்குச் சிக்கல். ஒரே பெயரில் பல மாரியம்மன் கோயில்கள் இருப்பதால் கைப்பேசி வரைபடம் வேறு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும், உள்ளே போனால் சிக்னலும் தேய்ந்துவிடும். தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், எந்த வாசல் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வழியில் கேட்டால், இப்போது பழக்குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியருமாக இருப்பார்கள், மலாயில் "குயில் டி மானா?" (கோயில் எங்கே?) என்று கேட்டால் கை காட்டுவார்கள். காவல் கொட்டகையில் அடையாளம் கேட்பார்கள், பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதப் பிற்பகல் மழைக்கு மண் சாலை குழைந்து போகும். சாலையோரத்து வாய்க்காலைப் புல் மூடியிருக்கும்; இரவில் வண்டியை ஓரம் கட்டினால் சக்கரம் அதற்குள் இறங்கிவிடும். வெளிச்சம் இருக்கும்போதே போய், தொண்டர் காட்டிய இடத்தில் நிறுத்துவது நல்லது.

இனி கையோடு கொண்டுபோக வேண்டியவை. அர்ச்சனைத் தேங்காயைப் பேரங்காடியில் வாங்காதீர்கள். அங்கே கிடைப்பது தேங்காய்ப்பாலுக்காகச் சுத்தமாக உரித்தது, குடுமி இருக்காது. தெலுக் இந்தானுக்கு அடுத்த பாகான் டத்தோ தென்னைக்குப் பேர்போன பகுதி. ஊர்க் கடையில் பூஜைக்கு என்று சொன்னாலே குடுமியோடு எடுத்துத் தருவார்கள்.

பாலைப் பொறுத்தவரை, கோலாலம்பூரிலிருந்து கறந்த பாலைக் காரில் வைத்துக் கொண்டுவந்தால் மறுநாள் காலைக்குள் திரிந்துவிடும். திறக்காத யு.எச்.டி. பெட்டிப் பால் வெளியிலேயே கெடாமல் இருக்கும். சர்க்கரையோ வாசனையோ சேராததாகப் பார்த்து வாங்கி, குடத்தில் ஊற்றும் நேரத்தில்தான் திறக்க வேண்டும். ஒன்றரை லிட்டர் பிடிக்கும் குடத்துக்கு ஒரு லிட்டர் போதும். கழுத்து வரை நிறைத்தால் நடையின் ஒவ்வொரு அசைவுக்கும் தளும்பி, துணி நனைந்து, முகத்தில் வழியும். ஈரத் துணியை மொய்க்க எறும்பும் ஈயும் வரும். வாயை முதலில் வாழையிலைத் துண்டால் மூடி, அதன்மேல் மஞ்சள் துணியைப் போட்டு, கழுத்தில் நூலை இரண்டு சுற்று இறுக்கிக் கட்டி, வேப்பிலையும் பூச்சரமும் சுற்றுங்கள். பூ கனமாகி ஒரு பக்கம் சாய்ந்தால் குடமும் அந்தப் பக்கமே இழுக்கும். சரத்தைச் சமமாகச் சுற்றுவது முக்கியம். தலையில் வைக்கச் சும்மாட்டுத் துணியும் வேண்டும். பருத்தித் துண்டே சரி. பட்டு வழுக்கும்.

மாவிளக்கு போடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு கப் பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிகட்டி, துணியில் பரப்பி, தொட்டால் ஈரம் தெரியாமல் பிடித்தால் உருண்டை நிற்கும் பதத்தில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். முக்கால் கப் பொடித்த வெல்லம், ஏலக்காய், இரண்டு தேக்கரண்டி நெய். இங்கே எளிதில் கிடைக்கிறதே என்று மலாக்காச் சர்க்கரை எனும் தென்னை வெல்லத்தைச் சேர்த்தால் அதிலுள்ள ஈரத்துக்கு மாவு இளகி, விளக்கு ஏற்றிய சில நிமிடத்தில் குழி சரிந்துவிடும். காய்ந்த அச்சு வெல்லமே நல்லது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் வெல்லம் கலந்த மாவு இரவோடு இரவாகப் புளித்துப்போகும். மாவைத் தனியாகவும் வெல்லத்தைத் தனியாகவும் டப்பாவில் எடுத்துப்போய், சன்னிதிக்கு அருகில் உட்கார்ந்து பிசையுங்கள்.

சனி மாலை ஐந்து மணிக்கெல்லாம் கோயிலில் இருந்தால் கரகம் பாலிப்பதைப் பார்க்கலாம். ஆற்றங்கரையிலோ தோட்டத்துக் கிணற்றடியிலோ பூசாரி செம்பில் நீர் மொண்டு, நூல் சுற்றி, மஞ்சளும் காசும் எலுமிச்சையும் இட்டு, வேப்பிலையும் பூவும் கட்டி உயர்த்துவார். அந்தச் செம்பு தலைக்கு ஏறிய கணத்திலிருந்து அது அம்மன்தான். உறுமி மேளம் தொடங்கும். வளைந்த குச்சி தோலில் உரசி எழும் அந்த முனகல் நெஞ்சுக்குள் புகுந்து கண்ணில் நீர் வரவைக்கும். முதல் தடவை கேட்கும் குழந்தைகள் பயந்து அழலாம், அவர்களைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். கரகத்துக்கு முன்னால் குறுக்கே நடக்கக் கூடாது. அருள் வந்து ஆடுகிறவர்களுக்கு வட்டம் விட்டு விலகி நில்லுங்கள், கைப்பேசியை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டாம். அருள்வாக்குச் சொல்ல அழைத்தால் தலை குனிந்து போய்த் திருநீறு வாங்கிக்கொள்ளலாம். பேராக் ஆற்றில் முதலை உண்டு. தொண்டர்கள் நிற்கும் படித்துறையைத் தாண்டி நீரில் கால் வைக்காதீர்கள்.

இரவு தெலுக் இந்தானிலேயே தங்குங்கள். 1885இல் எழுந்த சாய்ந்த கடிகாரக் கோபுரம் ஊர் நடுவில்தான் இருக்கிறது, அரை மணி நேரம் போதும். விரதம் இருப்பதால் சாப்பாட்டைச் சைவ உணவகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை ஆறரைக்குள் ஊர்வலம் புறப்படும் இடத்தில் குளித்து, மஞ்சள் உடுத்தித் தயாராக இருக்க வேண்டும். பெண்கள் சேலையைக் கணுக்கால் தெரியும் உயரத்தில் கட்டினால் தடுக்காது. பூசாரி குடத்தைத் தலையில் ஏற்றிய பிறகு கோயில் வரும் வரை கீழே வைக்கக் கூடாது. கை தளர்ந்தால் பக்கத்தில் வருகிறவர் தாங்கிக்கொள்ளலாம். அதற்காகவே ஒவ்வொருவருக்கும் துணை ஒருவர் தண்ணீரோடு கூட நடக்க வேண்டும். வெறுங்கால் நடை. ஒன்பது மணிக்கு மேல் தார் கொதிக்கும். தொட்டி வண்டியில் தண்ணீர் தெளித்து வருவார்கள், ஈரம் பட்ட பக்கமாக நடங்கள். தார் முடிந்து தோட்டத்து மண் தொடங்கும் இடத்தில்தான் கவனம் கூட வேண்டும்: செம்பனை மட்டையின் அடியில் இருக்கும் முள் வெட்டிப்போட்ட மட்டைகளோடு சாலையோரத்தில் கிடக்கும். சாலை நடுவிலேயே நடங்கள், முள் வாங்கியும் மருந்தும் துணையிடம் இருக்கட்டும். வயிறு முற்றிலும் காலியாக நடந்து மயங்கி விழுகிறவர்கள் உண்டு. விரதம் அனுமதித்தால் காலையில் ஒரு தம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும் எடுத்துக்கொள்ளலாம், அம்மன் கோபிக்க மாட்டாள்.

அபிஷேகத்தின்போது குடத்தை நீங்களே சாய்க்க முயலாதீர்கள். வரிசையில் நின்று பூசாரி கையில் கொடுங்கள். அம்மன் மேனியில் பால் இறங்கும் அந்தச் சில விநாடிகள் கண்ணை மூடாமல் நில்லுங்கள். நடந்த தூரமும் சுட்ட பாதமும் அதற்காகத்தான். பிறகு அன்னதானம். உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்ததும் பந்திக்கு இலை போடவும் தண்ணீர் ஊற்றவும் கை கொடுங்கள். வெளியூர் ஆள் என்று யாரும் தடுப்பதில்லை, "வாங்கண்ணே, அந்த ரசத்தைப் பிடிங்க" என்று வாளியை நீட்டுவார்கள்.

தீமிதி உள்ள கோயிலில் அது மாலையில். காப்புக் கட்டி, விரதம் முழுதும் இருந்தவர்களுக்கு மட்டுமே அந்தக் குழி. பால்குடம் எடுத்த உற்சாகத்தில் இறங்கக் கூடாது, பூசாரியும் விடமாட்டார். நடுவில் தயங்கி நின்றவருக்கும், தொங்கும் வேட்டியோடு இறங்கியவருக்கும்தான் தீப்புண் ஏற்படுகிறது. கயிற்றுக்கு இப்பால் நின்று, "ஓம் சக்தி" சொல்லுங்கள். முனியாண்டி, மதுரைவீரன் போன்ற காவல் தெய்வங்களுக்குக் கோழி, கிடாப் படையல் சில கோயில்களில் வேறொரு நாளில் உண்டு. அதைப் பார்க்க விரும்பாதவர்கள் நாளை முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

தீமிதிக்கு இருக்கவில்லையென்றால் மூன்று மணிக்குக் கிளம்புங்கள், ஞாயிறு மாலை ரவாங்குக்கு முன்பிருந்தே நெடுஞ்சாலை நெரியும். பீடோரில் கொய்யா வாங்க ஒரு நிறுத்தம் போதும். கிளம்பும் முன், கையில் காப்புக் கட்டியிருந்தால் பூசாரியிடம் சொல்லி அவிழ்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் நீராட்டுக்குப் பிறகுதான் அவிழ்ப்போம் என்று அந்தக் கோயிலில் முறை இருந்தால், திங்கட்கிழமைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு இருந்து முடித்தே போங்கள். காப்போடு ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பதில் தோட்டத்துப் பெரியவர்கள் உறுதியாக இருப்பார்கள்.