ராவணன் மீசை

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் கடலைப் பார்க்கிறார்கள், 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தைப் பார்க்கிறார்கள். மணல்மேட்டில் நிற்கும் ராவணன் மீசைப் புல்லை யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. பேர் கொஞ்சம் பயங்கரம்தான். ஆளும் அப்படித்தான், வெறுங்காலோடு போனால் சுருக்கென்று குத்தும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அப்புறம் பாருங்கள். மேட்டுக்கு மேடு சாம்பல் பூத்த ஒரு பச்சை. தண்டு மணல்மேலேயே ஊர்ந்து போய், கணுவுக்குக் கணு வேர் இறக்கும். காற்று மணலை வாரி மேலே கொட்டினாலும் அதற்குள்ளிருந்து மறுபடி தலை தூக்கும். பக்கத்தில் அடப்பங்கொடி ஊதாப் பூவோடு படர்ந்து கிடக்கும். இவை இரண்டும் பிடித்து வைத்திருப்பதால்தான் மணல் அங்கேயே நிற்கிறது.

பங்குனி வெயில் ஏற ஏறப் பச்சை வற்றி வைக்கோல் நிறமாகும். எனக்கு அந்த நிறம்தான் ரொம்பப் பிடிக்கும், அதுவும் சாயங்கால வெயிலில். இந்தப் புல்லில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. பெண் செடியில் நாலாபக்கமும் முள் நீட்டிய பெரிய உருண்டையாகக் கதிர் வரும். முற்றியதும் செடியை விட்டுக் கழன்று, அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி காற்றோடு கரை நெடுக ஓடும். ஓடுகிற வழியெல்லாம் விதை உதிரும். விதைப்பு முடிந்தது, அவ்வளவுதான்!

புல்தானே என்று அதன்மேல் வண்டியை ஏற்றிப் படம் எடுப்பவர்களைக் கண்டால்தான் எரிச்சல். புல் போனால் மணல் சாலைக்கு வரும், சரி, அப்புறம் அதை அள்ள ஜேசிபி வரும்.