மாமியின் டிவிக்கு மூட்டு வருத்தம்

மட்டக்களப்புக் கல்லடியில் மாமி வீட்டு 32 இஞ்ச் டிவிக்கு ஒரு மாதமாக விடியற்காலைச் சண்டித்தனம். சுவிட்சைப் போட்டால் சிவப்பு லைட் மினுங்கும், உள்ளே டிக் டிக் என்று சத்தம் வரும், படம் வராது. இருபது நிமிடம் அப்படியே விட்டால் தானாக எழும்பிவிடும். "அதுக்கும் என்னப் போல மூட்டு வருத்தம் மகன், சூடேறினாத்தான் அசையுது" என்றார் மாமி. நான் சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பின்மூடியைக் கழற்றினேன்.

கடல் பக்கத்து வீடு. உப்புக் காற்றில் திருகாணி ஒவ்வொன்றும் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அதைக் கழற்றவே அரை மணித்தியாலம். பவர் சப்ளை போர்டில், மின்னைச் சேர்த்து வைத்து விடும் கப்பாசிட்டர் ஒன்றில் சந்தேகம்: 1000 மைக்ரோ ஃபரட், 16 வோல்ற். தலை வீங்கவில்லை, கசிவும் இல்லை. கழற்றி மல்டிமீற்றரில் வைத்தால் 870. இந்த வகையில் 20 வீதம் கூடக்குறைய இருப்பது சாதாரணம். சரி, நல்லதுதான் என்று திரும்பப் பற்றவைத்துவிட்டு, டயோட், ஐசி என்று பின்னேரம் வரை அலைந்தேன்.

அப்புறம்தான் லாச்சிக்குள் கிடந்த, பாகங்களைச் சோதிக்கும் டெஸ்டரின் நினைவு வந்தது. அதில் வைத்தால், கொள்ளளவத்தோடு உள்தடையையும் காட்டியது: 2.8 ஓம். புதியது ஒன்றை வைத்துப் பார்த்தேன், 0.05.

அந்தக் கப்பாசிட்டருக்குள் இருப்பது அலுமினியத் தகடும், திரவத்தில் ஊறிய காகிதமும். வருடக்கணக்கான சூட்டில் திரவம் காய்ந்து, தொடரில் ஒரு தடையைக் கோர்த்துவிட்டது போல ஆகிவிடும். குளிரில் அந்தத் தடை ஏறும், சூடானால் இறங்கும். மாமி சொன்ன அதே வருத்தம்தான்! மல்டிமீற்றர் ஆறுதலாக நிரப்பி அளப்பதால் 2.8 ஓம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பவர் சப்ளையோ மின்னோட்டத்தை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்புகிறது. ஒரு அம்பியர் ஏறி இறங்கினாலே 2.8 வோல்ற் ஆட்டம். கட்டுப்பாட்டு ஐசி பயந்து நிறுத்தும், திரும்ப முயலும். டிக் டிக்.

இத்தனை வேகமாக வெட்டுவது எதற்கு? வீட்டுக் கரண்டின் 50 ஹேர்ட்ஸிலேயே வேலை செய்த பழைய ரேடியோவின் ட்ரான்ஸ்போமரைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், செங்கல் கனம். அதிர்வெண்ணை ஏற்றினால் அதே வேலைக்குத் தீப்பெட்டியளவு போதும்.

உள்தடையைக் கப்பாசிட்டரைக் கழற்றாமலே அளக்கும் கருவியொன்றை அவுஸ்திரேலியாவின் பொப் பார்க்கர் 1990களில் வடிவமைத்தார். பக்கத்திலுள்ள டயோட் திறக்காத அளவு சிறிய அழுத்தத்தில் குறுந்துடிப்புகளை அனுப்புவதுதான் சூட்சுமம். என் டெஸ்டர் வேறு வம்சம். ஜேர்மனியின் மார்க்கஸ் ஃப்ரேயெக் தொடங்கி, கார்ல்-ஹைன்ஸ் கூப்பெலர் வளர்த்தது. சின்னக் கணினி போன்ற ஒரு மைக்ரோ கொன்ட்ரோலர், பாகத்தின் கால்களைச் செருகும் மூன்று முனைக்கும் தலா இரண்டு தடையிகள், 680 ஓமும் 470 கிலோ ஓமும். என்ன பாகம், எந்தக் கால் எது என்று அதுவே சொல்லிவிடும். ஏ.எல். படிக்கும்போது, தடையை அளக்க மீற்றர்ப் பாலத்துக் கம்பியில் பூச்சியப் புள்ளியைத் தேடித் தேய்த்தவனுக்கு இது மந்திரம் மாதிரித்தான் இருந்தது.

முதலில் வாங்கிய டெஸ்டரை நானே கொன்றேன். வீட்டுக் கரண்டின் 230 வோல்ற்றை ஒரே திசைக்குச் சீராக்கினால் உச்சம் 325. பெரிய கப்பாசிட்டர் அதைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். அந்த மின்னை இறக்காமல் டெஸ்டரில் செருகினேன். 'டப்'. இப்போது முதலில் பழைய குண்டு பல்பொன்றைத் தொடுத்து இறக்குவேன்.

காத்தான்குடியில் 105 பாகைச் சூடு தாங்கும் கப்பாசிட்டர் ஒன்று வாங்கிப் போட்டேன். டிவி உடனே எழும்புகிறது. பழையதை எறியவில்லை. என்னிடம் ரிப்பெயர் பழக வரும் பொடியன் கையில் மல்டிமீற்றரைக் கொடுத்து, "இது நல்லதா, பழுதா?" என்று கேட்பதற்காக லாச்சியில் வைத்திருக்கிறேன்.