ராஷியின் பிரெஞ்சுச் சொற்கள்

டர்பனில் எங்கள் கோயிலில் பிள்ளைகள் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் பார்த்துத்தான் பாடுகிறார்கள், பொருள் கேட்டால் பெரியவர்களே முழிக்கிறோம். அதனாலேயே ராஷியை எனக்கு அவ்வளவு பிடிக்கும். 1040-இல் பிரான்சின் துருவா நகரில் பிறந்த யூத அறிஞர். யூதர்களின் வேதமான தோராவுக்கும், அவர்களுடைய சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூதின் பெரும்பகுதிக்கும் உரை எழுதியவர். கடினமான சொல் வந்தால், ஊரார் பேசும் பழைய பிரெஞ்சுச் சொல்லையே எபிரேய எழுத்தில் பக்கத்தில் போட்டுவிடுவார், அப்படி ஆயிரத்துக்கும் மேல்! இன்றும் அச்சிட்ட தல்மூதில் மூலத்தை ஒட்டி உள்பக்க ஓரத்தில் அவர் உரைதான். கட்டாயமாக மதம் மாற்றப்பட்டு, அப்புறம் திரும்பி வந்தவர்களை ஒதுக்காமல் சேர்த்துக்கொள்ளச் சொன்னவரும் அவரே.

சரி, புரட்டாசிக்குள் நான்கு பதிகங்களுக்காவது பக்கத்திலேயே பொருள் எழுதிவிட வேண்டும், இரண்டு முடித்துவிட்டேன்.