ஊர் கேட்டு வாங்கிய உயர்நிலைப்பள்ளி

எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் பொன்விழா மலருக்காகப் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து தகவல் திரட்டி வருகிறோம். பள்ளியின் வரலாற்றைத் தரம் உயர்த்திய அரசாணையிலிருந்து தொடங்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் உயர்நிலைப்பள்ளி என்பது பெரும்பாலும் ஊரார் மனுக்கொடுத்து, இடம் கொடுத்து, பணமும் கட்டிப் பெற்றது. அரசாணை அந்த நெடிய முயற்சியின் கடைசித் தாள் மட்டுமே.

இந்த வழக்கத்துக்கு வலுவான வேர் காமராசர் காலத்தில் இருக்கிறது. 1954இல் முதல்வரானதும், முந்தைய ஆண்டு கொண்டுவரப்பட்ட அரைநாள் பள்ளித் திட்டத்தை அவர் கைவிட்டார். 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. அப்போது பொதுக் கல்வித் துறையின் பொறுப்பில் இருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தின் முதல் மாநாடு, 1958இல் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் கூடியது. அந்தந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்று முதலில் பட்டியல் போடுவார்கள். பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், நிலப்படம், சீருடை, கட்டடம் என்று ஒவ்வொன்றையும் ஊரில் ஒருவரோ பலர் சேர்ந்தோ ஏற்றுக்கொள்வார்கள். மாநாட்டில் எல்லார் முன்னிலையிலும் அவை பள்ளிக்கு ஒப்படைக்கப்படும். இன்றும் அரசுப் பள்ளிகளின் மேசையிலும் மின்விசிறியிலும் ‘உபயம்’ என்று எழுதிய பெயர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த மாநாடுகள்தான் நினைவுக்கு வருகின்றன.

எங்கள் பள்ளி ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியாக இருந்து உயர்ந்தது. அதற்கான தொகையைச் சேர்க்க, அறுவடைக் காலத்தில் வீட்டுக்கு வீடு நெல் அளந்து வாங்கி விற்றிருக்கிறார்கள். நிலமில்லாதவர்கள் ஒருநாள் கூலியைக் கொடுத்திருக்கிறார்கள். கல்வெட்டில் இடம் தந்தவர் பெயர் இருக்கிறது, கூலி தந்தவர்கள் பெயர் இல்லை. பிற்காலத்தில் இந்தப் பொதுமக்கள் பங்களிப்பு, உயர்நிலைக்கு ஒரு லட்சம் ரூபாய், மேல்நிலைக்கு இரண்டு லட்சம் ரூபாய் என்று விதியாகவே இருந்தது. ஊரார் மனமுவந்து கொடுப்பதை நான் பெருமையாகவே நினைக்கிறேன். ஆனால் அதையே நிபந்தனையாக்கியபோது, பணம் திரட்ட முடிந்த ஊருக்குப் பள்ளி முந்திக்கொண்டது, கூலிக்காரர் மட்டுமே வாழும் குடியிருப்புகளின் பிள்ளைகள் மைல்கணக்கில் நடந்தார்கள். இது நியாயமில்லை என்பதை மலரிலும் எழுதியிருக்கிறேன்.

மலருக்காகப் புரட்டியவற்றில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது சேர்க்கைப் பதிவேடு. மூலைகள் மடிந்து, துணி ஒட்டித் தைத்த அந்தப் பெரிய நோட்டில், பழைய பக்கங்களில் பிறந்த தேதிக் கட்டத்தை வரிசையாகப் படித்தால், ஊரில் பாதிப் பேர் மே மாதக் கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் பிறந்ததுபோல் இருக்கும். ‘பெரிய மழை பெய்த வருஷம், சாமி புறப்பாட்டுக்கு மறுநாள்’ என்று மட்டுமே சொல்லத் தெரிந்த பெற்றோருக்கு, ஜூனில் வயது சரியாக வரும்படி தலைமையாசிரியரே ஒரு தேதி எழுதிக்கொள்வார். அந்தத் தேதியை வைத்துத்தான் அவர்கள் வேலைக்குப் போனார்கள், ஓய்வும் பெற்றார்கள். அங்க அடையாளக் கட்டத்தில் ‘வலது முழங்காலில் தழும்பு’, ‘இடது கன்னத்தில் மச்சம்’ என்ற குறிப்புகளை வாசித்து, இன்று தாத்தாவாகிவிட்டவர்களைச் சிறுவர்களாக அடையாளம் கண்டுகொண்டோம்.

பள்ளியில் பிள்ளை இல்லாத வீட்டுக்கும் அந்த வளாகத்தோடு தொடர்பு உண்டு. தேர்தலென்றால் வாக்குச்சாவடி அங்கேதான். வெள்ளம் வந்தால் தாழ்வான தெருக்காரர்கள் தங்குவதும் அங்கேதான். ஆண்டு விழாவுக்கு ஒலிபெருக்கிக்காரரும் பந்தல்காரரும் வாடகை வாங்குவதில்லை. 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் 1984இல் பத்தாம் வகுப்புவரை விரிந்தபோது, எங்கள் தெருப் பெண்கள் சிலருக்குச் சமையல் கூடத்தில் வேலை கிடைத்தது. தலைமையாசிரியர்கள் மாறுதலில் வந்து போனார்கள். சமைத்தவர்கள் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்கள். மலரில் இரு சாராரின் படங்களும் ஒரே அளவில் வர வேண்டும் என்று கேட்டேன். குழு மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது.

விழா அழைப்பிதழ் யார் யாருக்கு என்பதில்தான் விவாதம் நீண்டது. தேர்ச்சி பெற்றவர்கள் பட்டியலை வைத்துத் தொடங்கியிருந்தோம். ஆனால் பதிவேட்டின் ‘விலகிய தேதி’, ‘காரணம்’ என்ற கட்டங்களில், எட்டாம் வகுப்போடும் ஒன்பதாம் வகுப்போடும் நின்றவர்கள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறார்கள். அவர்களில் பெண்களே மிகுதி; காரணக் கட்டத்தில் ‘குடும்பச் சூழ்நிலை’ என்ற இரண்டு சொற்களே திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பெண்களின் பேத்திகள் இப்போது அதே பள்ளியில் படிக்கிறார்கள். சேர்ந்த எல்லாருமே பழைய மாணவர்கள்தாம் என்று முடிவாகி, அந்தப் பெண்களைக் கட்டிக்கொடுத்த ஊர்களின் விலாசங்களை இப்போது உறவினர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம்.